பால்பா மலையில் ஒரு கணக்கு டீச்சர்

10 ஜூலை 2022, ஞாயிறு – சுனௌலி

வெளிநாட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தேன். நேபாளத்தின் பால்பா மலைக் கிராமம் ஒன்றில் தங்கி, அங்குள்ள பள்ளியில் ஒரு வருடம் கணக்கு நடத்திச் சேவை செய்வது என் திட்டம். கோரக்பூர் பஸ் எல்லைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே லாரி வரிசைக்குப் பின்னால் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் பெட்டியைச் சேற்றில் உருட்டிக்கொண்டு நேபாள வளைவைத் தாண்டினேன். 1950-ஆம் வருட ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் இந்தியர்களுக்கு இங்கே விசா கிடையாது. தங்கலாம், வேலையும் பார்க்கலாம். இது தெரிந்திருந்தும் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி, யாராவது கேட்க மாட்டார்களா என்று தயங்கி நின்றேன். காவலர் ஈ ஓட்டுவது போல் கையை ஆட்டி, போகச் சொன்னார். 34 வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தியவளுக்கு முத்திரை குத்தாமல் ஒரு காரியம் முடிந்தால் அது முடிந்த மாதிரியே இருக்காது.

முதல் தவறு உடனே தெரிந்தது. செலவுக்கென்று கொண்டுவந்ததெல்லாம் 500 ரூபாய்த் தாள்கள். இங்கே இந்தியப் பணத்தில் 100 ரூபாய்த் தாள் வரைக்கும்தான் செல்லும். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது 1993-லிருந்து மாறாத கணக்கு. மாற்றிக் கொடுத்தவர் என் கட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், நூற்றுக்கு நான்கு பிடித்துக்கொண்டார். நானாக இருந்தாலும் பிடித்திருப்பேன்.

கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். அரை மணி, ஒரு மணி என்றால் புரிகிறது. இந்தக் கால் மணி வித்தியாசத்தில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

12 ஜூலை 2022 – சித்தபாபா

புட்வலைத் தாண்டியதும் சமவெளி சட்டென்று முடிந்து மலை செங்குத்தாக எழுகிறது. அந்த இடுக்கில்தான் சித்தபாபா கோவில். பாறை உருளுவதற்குப் பேர்போன இடம். அதற்காகவே குகைப்பாதை போடப்போகிறார்களாம். எங்கள் பஸ்ஸுக்கு இருபது வண்டிகள் முன்னால் காலை எட்டரைக்கு மலை சரிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலை மூன்றே காலுக்குத்தான் வண்டி நகர்ந்தது.

ஏழு மணி நேரத்தில் ஒருவரும் கத்தவில்லை. எனக்கு இதுதான் வியப்பு. "கே கர்னே" என்று தோளைக் குலுக்கினார்கள். என்ன செய்வது என்று பொருள். அதைச் சொல்லிவிட்டு, செய்வதற்கு எதையாவது கண்டுபிடித்துக்கொண்டார்கள். சீட்டு ஆடினார்கள். குழந்தைகளுக்குத் தலை வாரினார்கள். பக்கத்து இருக்கைப் பெண் மூட்டையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளரிக்காயை எடுத்து நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாயும் அரைத்த பொடியைத் தடவி, கேட்காமலே என் மடியில் வைத்தாள். அதில் நாக்கை மரத்துப்போகச் செய்கிற ஏதோ ஒன்று இருந்தது. தீமூர் என்றாள். மிளகு போல இருக்கும் ஒரு மலைக்காய். பத்து நிமிடம் உதடு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வண்டி கோவிலைக் கடந்தபோது ஓட்டுநர் உட்பட எல்லோரும் கைகூப்பினார்கள். ஓட்டுநர் இரண்டு கையாலும் கூப்பினார்.

14 ஜூலை 2022 – தான்சேன், பிறகு கிராமம்

பால்பா மாவட்டத்தின் தலைநகரம் தான்சேன். தெருக்கள் எல்லாம் ஏணியைச் சாய்த்து வைத்தது போல் இருக்கின்றன. நடுவில் சீதல்பாட்டி என்கிற எண்கோண வெள்ளை மண்டபம். அதைச் சுற்றிப் பித்தளைக் கடைகளும் டாக்கா துணிக் கடைகளும். மூக்கு வைத்த பித்தளைச் செம்பைக் கருவா என்கிறார்கள். உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்காகவே செய்தது. இந்தப் பழக்கத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மதியம் சுகௌனி சாப்பிட்டேன். வேகவைத்த உருளைக்கிழங்கைத் தயிரில் போட்டு, மஞ்சளும் வெந்தயமும் தாளித்துக் கொட்டியது. பால்பாவின் பெருமை அது. பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஒரு கிண்ணம் 80 ரூபாய். (இனி ரூபாய் என்றால் நேபாள ரூபாய்தான்.)

கிராமத்துக்கு ஜீப். ஒன்றரை மணி நேரம், பதினாறு பேர், மூன்று கோழிகள். ஓட்டியவர் நான் தங்கப்போகிற வீட்டு அம்மாவின் தம்பியாம். இறங்கியதும் பணம் நீட்டினேன். வாங்கவில்லை. விருந்தாளியிடம் எப்படி வாங்குவது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டணம் 200 ரூபாய் என்று மற்றவர்கள் கொடுத்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் மூன்று பேர். 64 வயது அம்மா, அவருடைய மருமகள், ஆறு வயதுப் பேரன். மகன் கத்தாரில் கட்டட வேலையில் இருக்கிறான். மகர் இனத்தவர்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்குமாக மாதம் 12,000 ரூபாய் என்று பேசிக்கொண்டோம்.

நேபாளியில் அம்மாவை "ஆமா" என்று கூப்பிடவேண்டும். நான் கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் எதற்கோ ஒப்புக்கொள்வதுபோல் என் காதில் விழுகிறது. அவர் என்னைப் "பஹினி" என்கிறார், தங்கை. ஐந்து வயது இளையவள் நான்.

கடைசியாக ஒரு செய்தி. பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறையாம். எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன். மழையைப் பொறுத்தது என்றார்கள்.

31 ஜூலை 2022

அட்டைப் பூச்சி இதுவரை 11. கணக்கு வைத்திருக்கிறேன்.

காலை பத்து மணிக்கு முழுச் சாப்பாடு, இரவு ஏழு மணிக்கு முழுச் சாப்பாடு. இரண்டிலும் சோறு, பருப்பு, ஒரு காய். நடுவில் பொரித்த சோளமோ அவலோ. முதல் வாரம் மதியம் ஒரு மணிக்கு வயிறு மணி அடித்தது. இப்போது அதுவும் பால்பா நேரத்துக்கு வந்துவிட்டது. உளுந்தை இரும்புச் சட்டியில் வேகவைத்துக் கறுப்பாக ஒரு பருப்பு செய்கிறார் ஆமா. அந்த இரும்பு வாசனைக்காகவே இரண்டாம் முறை சோறு கேட்கிறேன். நான் கறி சாப்பிட மாட்டேன் என்றதும் முகத்தில் ஓர் இரக்கம் தோன்றியது. அது இன்னும் போகவில்லை. நோயாளிக்குச் செய்வதுபோல எனக்கென்று தனியாகக் குந்துருக் சாறு வைக்கிறார். கீரையைப் புளிக்கவைத்துக் காயப்போட்ட சமாசாரம் அது. மணம் வீட்டுக்கு வெளியே தொடங்கும். சுவை மெதுவாகத்தான் வந்து சேரும்.

வழியில் யார் எதிர்ப்பட்டாலும் "கானா கானு பயோ?" என்கிறார்கள். சாப்பிட்டாயிற்றா. முதலில் விளக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் பத்தடி போயிருப்பார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் தினமும் "உபயோகம்" என்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன். சேவை செய்ய வந்தவள் அல்லவா. பதினேழு நாளில் ஒரே ஒரு பதிவு: வெங்காயம் உரித்தது.

7 ஆகஸ்ட் 2022, ஞாயிறு

இங்கே வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. சனி மட்டும் விடுமுறை. கறுப்புப் பலகையைத் துடைத்து, பின்னத்தில் ஆரம்பிக்கலாம் என்று சாக்பீஸோடு போனேன். தலைமையாசிரியர் தேநீர் கொடுத்து உட்காரவைத்து, மிகுந்த மரியாதையோடு ஒரு விஷயம் சொன்னார். கணக்குக்கு ஏற்கெனவே ஒரு சார் இருக்கிறார். நன்றாகவே நடத்துகிறார்.

பிறகு அவர் வகுப்பின் ஜன்னலருகே நின்று கேட்டேன். நன்றாகத்தான் நடத்துகிறார். எதிர்மறை எண்களுக்கு மலைப் படிக்கட்டை உதாரணமாகச் சொன்னார். 34 வருடத்தில் எனக்குத் தோன்றாத உதாரணம்.

எனக்குக் கொடுத்த வகுப்பு மழலையர் வகுப்பு. 14 குழந்தைகள், நான்கு வயது. பரீட்சைக்காகச் சிறுவயதில் படித்த என் இந்தியை வைத்துக்கொண்டு பேசினால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். மதியம் அவலும் வேகவைத்த கடலையும். ஒரு குழந்தையின் மதிய உணவுக்கு அரசு தருவது நாளைக்கு 15 ரூபாய். அதில் எப்படியோ வாரத்தில் ஒரு நாள் முட்டையும் போட்டுவிடுகிறார்கள். சமையல்கார அக்காவை நிதி அமைச்சராக்கலாம்.

சாப்பிட்டதும் ஒரு பையன் என் மடியில் ஏறித் தூங்கிவிட்டான். கால் மரத்துப்போய் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தேன். உபயோகம்: தலையணை.

5 அக்டோபர் 2022 – தசைன் (இந்த ஊர் தசரா)

பத்து நாளாக இருட்டில் வளர்த்த வாற்கோதுமை முளை மஞ்சள் மஞ்சேளென்று ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. ஜமரா என்று பெயர். அதைக் காதில் செருகி, நெற்றியில் டீக்கா வைத்து, பெரியவர்கள் ஆசீர்வதிக்கிறார்கள். மற்ற வீடுகளில் தயிர், அரிசியோடு சிவப்பும் சேர்த்துக் குழைக்கிறார்கள். மகர்கள் வீட்டில் வெள்ளை டீக்கா. வயதானவள் என்பதால் எனக்கும் ஒரு தட்டைக் கொடுத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு தலைக்கும் பத்து ரூபாய்ப் புதுத் தாள் தரவேண்டும். என்னிடம் ஆறு தாள்கள். வரிசையில் பத்தொன்பது பேர். ஆமா ஒன்றும் பேசாமல் பின்னாலிருந்து என் கையில் ஒரு சிறு கட்டைத் திணித்தார்.

மதியம் கத்தாரிலிருந்து மகன் வீடியோவில் வந்தான். அங்கே அவனுக்கு விடுமுறை இல்லை. அறையிலிருந்து பேசினான், பின்னால் அடுக்குக் கட்டில் தெரிந்தது. ஆமா தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, கைபேசித் திரையில் அவன் நெற்றி இருந்த இடத்தில் அழுத்தினார். தயிர் வழிந்து படம் மங்கியது. அவன் அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். ஆசீர்வாதம் முடியும்வரை நிமிரவில்லை. மருமகள் திரையைத் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு பேசினாள்.

20 நவம்பர் 2022

பொதுத்தேர்தல். பள்ளிக்கூடம் வாக்குச்சாவடி. வண்டி எதுவும் ஓடக்கூடாது. எங்கும் நிசப்தம், நல்ல வெயில். ஆரஞ்சு பழுத்திருக்கிறது. கிலோ 60 ரூபாய் என்று எழுதிவைத்திருந்தார்கள், வாங்கப்போனால் பணம் வேண்டாம் என்கிறார்கள். இப்படி இருந்தால் எப்படிப் பிழைப்பார்கள்?

24 டிசம்பர் 2022 – லும்பினி

மூன்று நாள் விடுப்பு. மலையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. காலையில் தான்சேனின் ஸ்ரீநகர் குன்றிலிருந்து பார்த்தால் கீழே மாடிப் பள்ளத்தாக்கு முழுக்கப் பால் ஊற்றியதுபோல் பனிமூட்டம். வெள்ளை ஏரி என்கிறார்கள். வடக்கே திரும்பினால் தௌலாகிரியிலிருந்து அன்னபூர்ணா வரை வரிசையாகப் பனிமலைகள். ஆனால் தராய் என்கிற தெற்குச் சமவெளிக்கு இறங்கினால் அந்தப் பால் வேறு ரூபத்தில் காத்திருக்கிறது. சூரியன் இல்லை. எதிரில் வருகிற சைக்கிள் மணி அடித்த பிறகுதான் தெரிகிறது. எலும்புக்குள் ஈரம்.

மாயாதேவி கோவிலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு அசோகர் தூணைப் பார்க்கப் போனேன். 1896-இல் வெளிச்சத்துக்கு வந்த தூண். புத்தர் பிறந்த ஊர் என்பதற்காக லும்பினி கிராமத்துக்கு வரிச்சலுகை கொடுத்ததையும், விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கட்டினால் போதும் என்பதையும் அதில் வெட்டிவைத்திருக்கிறார். மற்றவர்கள் தலை வணங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த எட்டில் ஒரு பங்குதான் மனதில் நின்றது. அரசன் ஒருவன் இரக்கத்தைப் பின்னத்தில் எழுதியிருக்கிறான்.

திரும்பி வந்தால் செருப்பைக் காணோம். அதே அளவில், அதே நிறத்தில், இன்னும் பழையதாக ஒரு ஜோடி இருந்தது. யாரோ யாத்திரிகர் என்னுடையதைப் போட்டுக்கொண்டு நிர்வாணத்தை நோக்கிப் போய்விட்டார். காவலாளி, பழையதைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அது வேறொருவருடையது என்றேன். அவர் தன் பெட்டிக்கடியிலிருந்து ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இரண்டும் இடது கால். அதோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.

15 ஜனவரி 2023 – மாகே சங்கராந்தி

மகர்களுக்கு இது பெரிய நாள். கட்டிக்கொடுத்த பெண்களை அழைத்து விருந்து வைப்பார்கள். வேகவைத்த வள்ளிக்கிழங்கு, நெய், எள்ளுருண்டை, சாக்கு என்கிற வெல்லப்பாகு மிட்டாய். பாட்டுக் என்று ஒன்று சுட்டார்கள். உளுந்தை அரைத்து நடுவில் ஓட்டை போட்டு எண்ணெயில் போட்டது. வடை என்றேன். பாட்டுக் என்றார்கள். விவாதம் பத்து வடை நீடித்தது.

பதினொன்றரை மணிக்கு மேல் யாரோ கைபேசியைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார். காத்மண்டுவிலிருந்து போகரா போன விமானம் இறங்குவதற்குச் சற்று முன்னால் விழுந்துவிட்டது. இரண்டு வாரம் முன்புதான் திறந்த புது விமான நிலையம். 72 பேர். மாலைக்குள் யாராவது பிழைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கை போய்விட்டது. எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டார்கள். இந்த ஊர்க்காரர் ஒருவரும் அதில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வீடும் வெளியூரில் இருக்கிற தன் ஆட்களுக்கு வரிசையாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது. கத்தாரில் இருப்பவனிடம் போகரா விபத்துக்காக நலம் விசாரிக்கிறார் ஆமா. அவனும் நன்றாக இருக்கிறேன் என்கிறான்.

25 மார்ச் 2023, சனி

இன்று நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

மதியம் ஆமா புல் அறுக்கப் போயிருந்தார். மருமகள் பேரனுடைய பழைய கட்டுரை நோட்டு ஒன்றை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். பென்சிலால் வரிசையாகக் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். "மிஸ், இதைக் கூட்டிப் பாருங்கள்" என்றாள்.

கணவன் கத்தார் போக வாங்கிய கடன் 2,00,000. வட்டி சைகடா தீன். நூற்றுக்கு மாதம் மூன்று. முதல் நான்கு மாதம் சம்பளம் வரவில்லை, வட்டி கட்டவில்லை. அந்த 24,000-ஐ அசலோடு சேர்த்துவிட்டார்கள். 2,24,000-க்கு மாத வட்டி 6,720. சில்லறைக்கு எதற்கு என்று "ரவுண்டாக" 7,000 கொடுத்து வந்திருக்கிறாள், 22 மாதமாக. ஆக 1,54,000 போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. ரவுண்டாக்கியதில் மட்டும் 6,160 ரூபாய். அந்தப் பணத்துக்குக் கணக்கே இல்லை.

கணக்கு டீச்சருக்குள் இருந்த பேய் எழுந்துகொண்டது. ஊர்ப் பெண்கள் சேமிப்புக் குழுவில் நூற்றுக்கு மாதம் ஒன்றுதான். அங்கே வாங்கி இதை அடைத்துவிட்டு, இதே ஏழாயிரத்தை மாதாமாதம் கட்டினால் 39 மாதத்தில் கடனே இருக்காது. தாளில் பட்டியல் போட்டுக் காட்டினேன். இந்த நாட்டுச் சட்டப்படி தனியாரிடம் வாங்கும் கடனுக்கு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது, இது 36 சதவீதம் என்பதையும் சொன்னேன். ஆமா புல்லுக்கட்டோடு உள்ளே நுழைந்தபோது சற்று உரக்கவே சொல்லிக்கொண்டிருந்தேன்: "இது கொள்ளை. கொடுத்தவர் யார்?"

மருமகள் தரையைப் பார்த்தாள். ஆமா கட்டை இறக்கினார். கொடுத்தவர் ஆமாவின் தம்பி. ஜீப்காரர்.

இரவு சோறு வந்தது, பருப்பு வந்தது, பேச்சு வரவில்லை.

8 ஏப்ரல் 2023

ஆமா என்னோடு பேசாமல் இருந்தது ஐந்து நாள். பிறகு ஒரு காலை ஒன்றும் நடக்காததுபோல் "பஹினி, தேநீர்" என்றார். குடித்தேன்.

இதற்கிடையில் தராயிலிருந்து மீட்டர் வட்டிக்காரர்களால் நொந்தவர்கள் காத்மண்டுவுக்கு நடந்தே போனார்கள். ஆட்டோ மீட்டர் போல ஓடிக்கொண்டே இருப்பதால் மீட்டர் வட்டி. அரசாங்கம் பேச்சு நடத்தி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. தேநீர்க் கடையில் இதே பேச்சு. ஜீப்காரரும் அங்கே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நேற்று மருமகள் சொன்னாள்: பெண்கள் குழுவில் ஒன்றரை லட்சம் கொடுத்தார்கள். மீதி 74,000-க்குக் கணவன் அனுப்பியதும் இரண்டு ஆடுகளும் போயின. மாமாவின் கடன் அடைந்தது.

"நான் போட்ட பட்டியல் உதவியாக இருந்ததா?" என்று கேட்டேன். பாராட்டுக்கு ஏங்குகிற வயது.

அவள் சிரித்தாள். கணக்கு அவளுக்கு ஒரு வருடம் முன்பே தெரியுமாம். பத்தாம் வகுப்புவரை அதே கணக்கு சாரிடம் படித்தவள். மாமியாரின் தம்பியிடம் போய் வட்டி அதிகம் என்று மருமகள் எப்படிச் சொல்வாள்? நான் உரக்கச் சொன்ன மறுநாள் அவள் போய், "மிஸ் பெரிய சண்டை போடுகிறார், கடனை அடைத்துவிடு என்று தொந்தரவு செய்கிறார், என்ன செய்வது" என்று சொல்லியிருக்கிறாள். அவரும் வெளியூர்க்காரியைத் திட்டித் தீர்த்துவிட்டுப் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டார். யாருக்கும் யாரோடும் பகை இல்லை. ஜூலையில் போய்விடப்போகிற என்னோடு மட்டும்தான்.

உபயோகப் பத்தியில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். 34 வருடம் படித்துச் சொல்லிக்கொடுத்த தனிவட்டிக்கு இங்கே வேலையில்லை. பழியைப் போட ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அதற்கு ஊர்க்காரர் ஒருவரும் லாயக்கில்லை.

14 ஏப்ரல் 2023

விக்கிரம வருடம் 2080 பிறந்தது. பள்ளியில் புதுச் சேர்க்கை. மழலையர் வகுப்பில் போன வருடம் 14 பேர், இப்போது 9. அப்பாக்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகிறார்கள், அம்மாக்கள் பிள்ளைகளோடு புட்வலுக்கு இறங்குகிறார்கள். மடியில் தூங்கியவன் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டான். என்னைத் தெரியாததுபோல் நடக்கிறான்.

23 மே 2023 – முக்திநாத்

போகராவில் ஏரிக்கரையில் ஒரு காப்பி 250 ரூபாய். அதோடு போகராவை விட்டுவிடுகிறேன்.

போகராவிலிருந்து ஜோம்சோம் வரை பஸ்ஸில் பதினோரு மணி நேரம். பேனியைத் தாண்டியதும் சாலை என்பது ஒரு கருத்தாக மட்டும் இருக்கிறது. பக்கத்தில் காளி கண்டகி கறுப்பாக ஓடுகிறது. எங்கள் மலைக்குக் கீழே ரிடியைத் தொட்டுக்கொண்டு போகும் அதே நதி. ஒரு பக்கம் தௌலாகிரி, மறுபக்கம் அன்னபூர்ணா. இரண்டும் எட்டாயிரம் மீட்டருக்கு மேல். நடுவில் நான், கையில் பிளாஸ்டிக் பை, குமட்டல். மார்ஃபாவில் காய்ந்த ஆப்பிள் வாங்கி மென்றபிறகு உயிர் வந்தது. ஜோம்சோமில் முற்பகல் தாண்டியதும் காற்று கிளம்புகிறது. மணலை அள்ளி முகத்தில் அடிக்கிறது. உள்ளூர்க்காரர்கள் முதுகைக் காட்டிப் பின்பக்கமாக நடக்கிறார்கள்.

முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பூசையில் பௌத்த பிக்குணிகளுக்கும் பங்கு உண்டு. கோவிலுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 தாரைகள், பனி உருகிய தண்ணீர். குனிந்து ஓடி எல்லாவற்றிலும் நனையவேண்டும். 23 வரை எண்ணினேன். அதற்குப் பிறகு எண் மறந்துபோனது. என் வாழ்க்கையில் எண் மறந்துபோவது இதுதான் முதல் தடவை. விரல்கள் வேறு யாருடையவோ ஆகிவிட்டன. மிச்சத்தைக் கைநீட்டித் தெளித்துக்கொண்டேன். பெருமாள் கணக்குப் பார்ப்பவர் அல்ல என்று நம்புகிறேன்.

தலைவலியோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். தமிழ் கேட்டது. யாத்திரைக் குழு, நாற்பது பேர், எல்லோர் தலையிலும் குரங்குக் குல்லா. பத்து மாதத்துக்குப் பிறகு நேரில் கேட்கிற தமிழ். ஒரு மாமி அருகில் வந்து, "நீங்கள் எந்த ஊர்?" என்றார்.

"பால்பா" என்றேன்.

மாமி தன் கணவரிடம் திரும்பி, "நேபாளத்தில்கூட நம் முகஜாடை இருக்கிறது பாருங்கள்" என்றார். திருத்தினால் நீளமாகப் பேசவேண்டும், தலைவலி. அவர் ஜாடையிலேயே விசாரித்து ஓர் எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். தன்யபாத் என்றேன்.

30 ஜூன் 2023 – ஆசார் 15

நாற்று நடும் நாள். எல்லோரும் தயிரும் அவலும் சாப்பிட்டுவிட்டு வயலில் இறங்குகிறார்கள். நடுவதைவிடச் சேற்றை வாரி அடித்துக்கொள்வது அதிகம். நானும் இறங்கினேன். என் வரிசை நேராக இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. கரையேறித் திரும்பிப் பார்த்தால், ஆமா என் வரிசையை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மறுபடி நட்டுக்கொண்டிருக்கிறார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஒரு பிடி சேற்றை எடுத்து என் மேல் எறிந்தார். 65 வயதில் குறி தப்பவில்லை.

8 ஜூலை 2023 – தான்சேன் பஸ் நிலையம்

காலை ஆறு மணிக்கு வெள்ளை டீக்கா. ஆமா ஒரு பொட்டலம் குந்துருக் கொடுத்தார், மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி. அப்படியும் மணக்கிறது. மருமகள் அந்தக் கட்டுரை நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். குழுவுக்குக் கட்டிய மூன்று தவணைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் மீதி அசல், குறைந்துகொண்டே வருகிறது. ஓர் இடத்தில் அவளுக்கு இரண்டு ரூபாய் தப்பியிருந்தது. சொல்லவில்லை.

ஊரிலிருந்து கிளம்பும் ஜீப் ஒன்றுதான். ஆமாவின் தம்பி என் பெட்டியைத் தானே தூக்கிக் கூரையில் கட்டினார். முன் இருக்கையைக் காட்டினார். ஒன்றரை மணி நேரம் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. மழை. வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது, என் பக்கம் அல்ல.

தான்சேனில் பெட்டியை இறக்கி, அடியிலிருந்த சேற்றைத் தன் துண்டால் துடைத்துக் கொடுத்தார். இருநூறு ரூபாயை நீட்டினேன். வாங்கமாட்டார் என்று கையைப் பாதியில் நிறுத்தியும் வைத்திருந்தேன்.

"நானூறு" என்றார்.

விழித்தேன்.

"வரும்போதும் ஏறினீர்களே."

இன்னொரு இருநூறை எண்ணிக் கொடுத்தேன். அவரும் எண்ணிப் பார்த்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வட்டி கேட்கவில்லை.